கறுப்பாக இருந்தால் போதும்

அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளை டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சூரிய மின்தகடு செய்யும் வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினாறு வருஷம் ஒட்டும் டேப் ஆலையில் பசை பூசும் இயந்திரத்தை ஓட்டியவள். மைல் கணக்கில் ஓடும் டேப்பின் மேல் ஒரு திட்டு, ஒரு கொப்புளம் இல்லாமல் பசையை விரிக்கத் தெரிந்தவள். வேலைக்கு எடுத்தபோது சேர்மன் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பசைக்குப் பதிலா மை. அவ்வளவுதானேம்மா வித்தியாசம்?"

அவ்வளவுதான் என்று அவளும் தலையாட்டிவிட்டாள். அப்படி ஆட்டியதற்காகப் பின்னால் பல நாள் அதே தலையில் அடித்துக்கொண்டாள்.

மை என்றால் பெரோவ்ஸ்கைட் மை. சில உப்புகளைக் கரைப்பானில் கரைத்தால் மஞ்சளாக ஒரு திரவம் கிடைக்கும். அதைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி, சரியான நொடியில் காற்றடித்துக் காயவைத்து, சூடு காட்டினால் மஞ்சள் போய் முகம் பார்க்கலாம் போல ஒரு கறுப்பு வரும். அந்தக் கறுப்பில் வெயில் பட்டால் மின்சாரம். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஆனால் அந்த நூற்றில் ஒரு பங்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அங்கேதான் பிராணன் போகும்.

கம்பெனியின் பெருமை டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். அவர் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டைச் சுழலும் தட்டில் வைப்பார். ஒரு சொட்டு மை விடுவார். தட்டு கிறுகிறுவென்று சுற்றும், மை விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் எண்ணி, சரியான நொடியில் இன்னொரு திரவத்தைச் சொட்டுவார். அப்படிச் செய்த நகம் ஒன்று, தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு இருபத்துநாலு பங்கை மின்சாரமாக்கியது. அன்றைக்கே வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு 24 என்று எழுதி விளக்குப் போட்டுவிட்டார்கள். அந்த 24-இன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத ஊழியரே கிடையாது. நகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

சேர்மனின் கணக்கு சுலபமானது. நகம் வந்துவிட்டது, இனி ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்க வேண்டியதுதான் பாக்கி. பெரிதாக்குவது என்பது போட்டோக் கடையில் செய்கிற காரியம் என்று அவர் நினைத்திருந்தார்.

முதலில் பெரிய சுழலும் தட்டு ஒன்று வாங்கினார்கள். டாக்டர் நோட்டுப் புத்தக அளவுக் கண்ணாடியை அதில் வைத்துச் சுற்றினார். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள். ஊற்றிய மையில் முக்கால்வாசிக்கு மேல் தெறித்துச் சுற்றுச்சுவரில் ஒட்டிக்கொண்டது.

"சுவர்லதான் டாக்டர் ஒரே சீரா வந்திருக்கு" என்றாள் டேப் அக்கா. டாக்டர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கண்ணாடி பிடி நழுவிப் பறந்து, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைச் சுக்குநூறாக்கியது. நல்லவேளை, ஆள் யாரும் குறுக்கே இல்லை. விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், 'கடிகாரம் மாட்டிய இடம் சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்து மையைத் தெளிப்பானால் தெளித்துப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அம்மை போட்டமாதிரி இருந்தது. அப்புறம்தான் டேப் அக்கா வாயைத் திறந்தாள்.

"எனக்கு மூணு மாசம் விடுங்க சார். நான் ஆலையில ஓட்டின மாதிரியே ஒண்ணு செய்யறேன்."

அவள் செய்தது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு எஃகுக் கட்டைகளைச் சேர்த்து முடுக்கி, நடுவில் முடி நுழையும் இடைவெளி. அதற்கு உதடு என்று பெயர். ஒரு பம்பு மையைத் தள்ளும். உதட்டிலிருந்து மை மெல்லிய திரையாக இறங்கும். அடியில் கண்ணாடி எறும்பு வேகத்தில் நகரும். பின்னாலேயே ஒரு தட்டைக் குழாயிலிருந்து கத்திபோலக் காற்று வந்து ஈரத்தைச் சீவிக்கொண்டு போகும். ஒரு சொட்டு வீணாகாது. உதட்டை எவ்வளவு அகலமாகச் செய்கிறோமோ அவ்வளவு அகலத்துக்குப் பூசலாம்.

சேர்மன் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"இதுல சயின்ஸ் எங்கம்மா இருக்கு? சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரியில்ல இருக்கு?"

"அதேதான் சார். ஆனா வெள்ளையடிச்சா கரன்ட் வராது."

முதல் மாதம் வந்ததெல்லாம் சாம்பல் நிறம். மை சரி, வேகம் சரி, சூடு சரி. என்ன தப்பு என்று தெரியாமல் டேப் அக்கா தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது: அறையின் மூலையில், தூசி படியாத ஒரு சதுரம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் நின்ற இடம். இயந்திரத்தைக் காணோம். விசாரித்தால், சேர்மன் அறையில் தோல் நாற்காலி பூசணம் பிடிக்கிறதென்று அங்கே தூக்கிப் போயிருந்தார்கள். இந்த மைக்கு ஈரம் ஆகவே ஆகாது. நாற்காலிக்கும் ஆகாதுதான், ஆனால் நாற்காலியிலிருந்து யாரும் மின்சாரம் எதிர்பார்க்கவில்லை. கம்பெனி எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு, சேர்மன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அதைத் தள்ளிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தாள்.

கறுப்பு வந்தது. கூடவே ஒரு கோடும் வந்தது. எந்தக் கண்ணாடியைப் பூசினாலும் இடது ஓரத்திலிருந்து நாலு விரற்கடையில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. பத்து நாள் தூசியைத் திட்டினாள், பம்பைத் திட்டினாள். கடைசியில் உதட்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், விளிம்பில் ஒரு துளி வெட்டு.

"இதை யாரு பிளேடு வச்சு சுரண்டினது?"

அறையில் இருந்தது டாக்டர் ஒருத்தர்தான். அவர் முகம் சிவந்துவிட்டது.

"காஞ்ச மை ஒட்டியிருந்துது. உதவியா இருக்கட்டுமேன்னு..."

"டாக்டர், நாளைக்கு உங்க சுழல் தட்டை நான் சுத்தியல் வச்சு சுத்தம் பண்ணித் தரட்டுமா?"

அவள் இவ்வளவு கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் காலையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, அவளோடு உட்கார்ந்து அந்த விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். தேய்க்கிற நேரத்தில் அவள் ஈரப் பூச்சு எவ்வளவு நேரம் ஓடும், எங்கே தேங்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் திடீரென்று நிமிர்ந்து, "அப்ப என் மையைத்தான் மாத்தணும். சொட்டு விடறதுக்குச் செஞ்ச மை இது, ஓடறதுக்கு இல்ல" என்றார். அன்றுமுதல் அவர் மையை மாற்றிக் கலக்க, இவள் பூச, இரண்டு பேருக்கும் சாப்பாட்டு நேரமே மறந்துபோனது.

மூன்றாம் மாதக் கடைசியில் நோட்டுப் புத்தக அளவுத் தகடு ஒன்று பதினாலு சதவீதம் கொடுத்தது. டாக்டர் அளவைக் கருவியை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பதினாலுதான். நகத்தைப்போல எத்தனையோ மடங்கு பெரிய தகட்டில் பதினாலு. டேப் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டு பேரும் தகட்டை எடுத்துக்கொண்டு சேர்மன் அறைக்கு ஓடினார்கள்.

சேர்மன் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்துநாலு இருந்துதே."

"அது நகம் சார். இது..."

"மூணு மாசம் வேலை பாத்து, இருபத்துநாலைப் பதினாலாக் குறைச்சிருக்கீங்க. இதை ஓடிவந்து வேற சொல்றீங்க."

டாக்டர் விளக்கினார். எவ்வளவு விளக்கினாரோ அவ்வளவுக்கு சேர்மனின் முகம் கறுத்தது. முதலீடு செய்கிறவர்கள் அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள், அவர்களிடம் 24 என்று சொல்லியாகிவிட்டது, சுவரிலேயே எழுதியிருக்கிறது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னல் அளவில் ஆறு கண்ணாடி. முற்றத்தில் சட்டத்தில் சாய்த்து வைக்க வேண்டியது. முன்னால் ஒரு மேஜை விசிறி. விசிறியின் பீடத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பேட்டரி.

"கண்ணாடிக்குப் பின்னால கறுப்பு பெயின்ட் அடிச்சிடுங்கம்மா. பூசற வேலை உங்களுக்குத்தானே கைவந்த கலை."

"பெயின்டா சார்?"

"கறுப்பா இருந்தா போதும். பார்க்க வர்றவங்க யாரு சுரண்டிப் பாக்கப் போறாங்க?"

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் துணியை மடித்த வேகத்தைப் பார்த்தே புருஷனுக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் சத்தத்தில் பழகியதால் யார் எவ்வளவு கத்தினாலும் நிதானமாகக் கேட்பார்.

"அடிக்கச் சொன்னா அடிச்சுக் குடுத்துட்டு வாயேன். கையெழுத்து அவருது, பேரு அவருது. உனக்கென்ன?"

"பதினாறு வருஷம் டேப் ஆலையில இருந்தேன். ஒட்டாத டேப் ஒண்ணு என் கையால வெளியே போனதில்ல. இப்பப் போய் கண்ணாடிக்கு மை தீட்டி சூரியனை ஏமாத்தச் சொல்றாரு."

"சூரியன் ஏமாறாது. வர்ற ஆளுங்கதான் ஏமாறுவாங்க."

பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கி, "அம்மா, உங்க நிஜத் தகடும் கறுப்புதானே?" என்றாள்.

"கறுப்புதான்டி."

"அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

டேப் அக்கா மடித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு, மகளின் நோட்டில் கடைசித் தாளைக் கிழித்து, அகலமான உதடு ஒன்றை வரைய ஆரம்பித்தாள்.

மறுநாள் டாக்டரைப் படிக்கட்டில் மறித்தாள். கிடங்கில், மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள ஜன்னல் அளவுக் கண்ணாடிகள் ஒன்பது கிடந்தன. எப்போதோ ஆர்வத்தில் வாங்கி, அந்த அளவுக்கு இயந்திரம் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தவை.

"பெயின்ட் அடிக்கிறேன்னு ரூமைப் பூட்டிக்கலாம் டாக்டர். யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. ஆனா பூசறது பெயின்ட் இல்ல."

"அக்கா, இவ்வளவு பெருசு நாம செஞ்சதே இல்ல. உதடு?"

"அகலமா ஒண்ணு கடையச் சொல்லிட்டேன். பெயின்ட் அடிக்கிற கருவின்னு எழுதிக் குடுத்தேன், உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு."

அதுவரை மூன்று மாதம் கெஞ்சியும் கிடைக்காத சாமான்களெல்லாம் அந்த மூன்று வாரத்தில் கேட்டவுடன் வந்தன. போலித் தகட்டுக்கு என்று சொன்னால் கம்பெனியில் எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. மின்சாரத்தை வெளியே எடுக்கும் கடைசி அடுக்குக்கு உலோகம் வேண்டாம், கரிக்குழம்பைப் பூசினால் போதும் என்றார் டாக்டர். கறுப்பு மேல் கறுப்பு. வழியில் பார்த்த சேர்மன்கூட, "பெயின்ட் நல்லா பிடிச்சிருக்கே" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதில் மூன்று வீணாயின. ஒன்று அடுப்பில் விரிசல் விட்டது, இரண்டில் பாதியில் பம்பு திக்கியது. மிச்சம் ஆறு. அதில் நாலு நன்றாக வேலை செய்தன, ஒன்று சுமார், ஒன்று பேருக்குத்தான் தகடு. கணக்குப் பார்த்தால் நல்லவை நாலும் பதினொரு சதவீதம் காட்டின.

"பதினாலும் பதினொண்ணாப் போச்சு" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. "சேர்மனுக்குத் தெரிஞ்சா நெஞ்சு வலி வந்துரும்."

எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்படியும் பார்வைக்கு ஒயர் மாட்டத்தானே போறேன். அது ரெண்டு முனையிலயும் நிஜமாவே மாட்டியிருந்தா யாருக்கு நஷ்டம்?" என்றார். பேட்டரியையும் சேர்மன் சொன்னபடி பீடத்துக்குள் வைத்தார். தகடுகளின் ஒயரைப் பக்கத்திலேயே சுருட்டி வைத்தார்.

வருகிறவர்கள் வந்தார்கள். ஐந்து பேர். நாலு பேர் சுவரில் இருந்த 24-க்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது, குள்ளமாக, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. கையில் ஒரு கோப்பு. அவர் இயந்திரங்களைப் பார்த்துப் பணம் போடலாமா என்று சொல்கிற பொறியாளர் என்று டாக்டர் காதோடு சொன்னார். அந்த அம்மா 24-ஐ ஒரு தடவை பார்த்துவிட்டு, கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

முற்றத்தில் பதினொரு மணி வெயில் சுள்ளென்று அடித்தது. சேர்மன் பேசத் தொடங்கினார். இருபது நிமிஷம் பேசினார். "நாளைய உலகத்தின் காற்று இதோ!" என்று கையை வீசி விசிறியின் பொத்தானை அமுக்கினார்.

விசிறி அசையவில்லை.

மறுபடி அமுக்கினார். அதற்கு முந்தின ஒரு வாரமும் இதே பேச்சை, இதே கைவீச்சோடு, இதே விசிறியை ஓடவிட்டு அவர் ஒத்திகை பார்த்திருந்தார். ஒத்திகை முடிந்து விசிறியை நிறுத்த எப்போதும் மறந்துவிடுவார். பேட்டரியில் சொட்டு மின்சாரம் மிச்சமில்லை. சேர்மனின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. எலெக்ட்ரீஷியன் டேப் அக்காவைப் பார்த்தார்.

தகடுகள் வேலை செய்யாவிட்டால் போலி செய்தவள் என்று மட்டுமில்லை, போலியைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவள் என்று பெயர் வரும். அவள் விசிறிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பேட்டரியின் ஒயரைப் பிடுங்கி, தகடுகளின் ஒயரைச் செருகினாள்.

விசிறி ஒரு முனகல் முனகியது. தயங்கித் தயங்கி ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அப்புறம் கிழவர் நடைபோடுகிற மாதிரி நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது.

நாலு பேர் கைதட்டினார்கள். ஐந்தாவது பெண்மணி கைதட்டவில்லை. நேராகத் தகடுகளிடம் போய், தன் கோப்பை விரித்து ஒரு தகட்டை மூடினார். விசிறி சுணங்கியது. பக்கத்துத் தகட்டின் மேல் டாக்டரின் மேல்கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார். விசிறி நின்றது. இரண்டையும் எடுத்தார். மறுபடி சுற்றியது.

சேர்மன் எலெக்ட்ரீஷியன் காதில், "மூடினா பேட்டரி நிக்கிற மாதிரிகூட வச்சிருக்கீங்களா? பிரமாதம்!" என்றார்.

"எத்தனை சதவீதம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இருபத்துநாலு" என்றார் சேர்மன்.

"அவங்களைக் கேட்டேன்" என்றார் அந்த அம்மா, விசிறிக்குப் பின்னால் இன்னும் குத்தவைத்திருந்த டேப் அக்காவைக் காட்டி.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "நல்லதா இருக்கிற நாலு தகட்டுல பதினொண்ணு மேடம். இந்தக் கடைசி ரெண்டும் சரியா வரல. மூணு உடைஞ்சும் கெட்டும் போச்சு."

"எதை வச்சுப் பூசினீங்க?"

"உதடு வச்சு. பின்னால காத்துக் கத்தி."

"பாக்கலாமா?"

இரண்டு பேரும் பூச்சு அறைக்குள் போனவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். டாக்டரும் கூடவே போனார். வெளியே வந்தபோது அந்த அம்மாவின் முழங்கையில் மஞ்சள் கறை இருந்தது. நேராகப் போய்க் காரில் ஏறினார்.

மறுநாள் டேப் அக்காவின் மேஜையில் ஒரு கடிதம். 'அனுமதியின்றி உண்மையான பொருளைத் தயாரித்தது குறித்து மூன்று நாளில் விளக்கம் தரவும்.' டாக்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் அதே கடிதம் நகல் எடுத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. சேர்மன் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"என்னை ஏமாத்திட்டீங்களேம்மா! போலி செய்யுங்கன்னு நம்பி ஒரு வேலை குடுத்தா, நிஜத்தைச் செஞ்சு வச்சிருக்கீங்க! நாளைக்கு உங்களை நம்பி எதைக் குடுக்கறது?"

அவள் மேஜைக்குத் திரும்பி விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். 'கறுப்பாக இருந்தால் போதும் என்று சொன்னீர்கள். கறுப்பாகத்தான் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதி, அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லாததால் மடித்து வைத்தாள்.

அதைக் கொடுக்க வேண்டி வரவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. இருபத்துநாலு சதவீத நகங்களைப் பல இடங்களில் பார்த்தாகிவிட்டது என்றும், ஜன்னல் அளவில் பதினொன்றைப் பூசுகிற ஆள் இருக்கிற இடத்தில்தான் தங்களுக்கு அக்கறை என்றும் எழுதியிருந்தார். சோதனைக்கு இருநூறு தகடுகள் வேண்டும். பூச்சு அறையின் பொறுப்பு முழுக்க டேப் அக்காவிடம் இருக்க வேண்டும்.

சேர்மன் அன்று சாயங்காலமே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இடைவிடாத உழைப்பால் இருபத்துநாலைப் பதினொன்றாகக் கொண்டுவந்ததாகப் பெருமையோடு அறிவித்தார். யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். அதோடு, தகடுகள் இருபத்தைந்து வருஷம் உழைக்கும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்தத் தகடுகள் பிறந்து அன்றைக்கு இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

நாற்பதாவது நாள் காலையில், முற்றத்தில் இருந்த நல்ல தகடுகளில் ஒன்றின் கீழ் மூலை, காசு அளவுக்கு மஞ்சளாகியிருந்தது. ஓரத்தை மூடிய பசை வழியாக ஈரம் உள்ளே போயிருக்கிறது. டேப் அக்கா குனிந்து நகத்தால் ஓரத்தை நெருடிப் பார்த்தாள். பக்கத்தில் டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"இருநூறு முடியற வரைக்கும் சொல்லாம இருக்கலாமான்னு சேர்மன் கேப்பாரு."

"கேக்கட்டும். நான் இப்பவே சொல்லிடறேன்."

மூலையைப் படம் எடுத்து, எத்தனை நாளில் வந்தது, எந்தப் பசை, எவ்வளவு அகலம் பூசினோம் என்று எல்லாவற்றையும் எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பினாள். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. ஒரே வரி: 'மற்ற மூன்று மூலைகள் எப்படி இருக்கின்றன?'

"மூணும் நல்லாதான் இருக்கு டாக்டர்" என்றாள் டேப் அக்கா. "அப்ப இந்த மூலையில மட்டும் நான் என்ன தப்பு பண்ணினேன்னு பாப்போம். ஒட்டற சமாச்சாரம்தானே, எங்கிட்டயா?" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.